பின்படியில் ஏறிய புத்தகங்கள்

எத்தனை முறை குளித்தாலும் புருவத்தில் ஒட்டிய சாம்பல் நிறம் போகாது என்பதால், சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கும் அவரைக் குடியிருப்பில் எல்லோரும் சிமெண்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர் தோளில் இருந்தது சிமெண்ட் இல்லை, புத்தகம். பழைய பேப்பர் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சாக்கு நிறைய இரவல் வாங்கியிருந்தார்கள்.

யோசனை கீழ்வீட்டு டெய்லருடையது. வருஷா வருஷம் பள்ளிக்கூடங்களுக்கு வரிசை போடுகிறார்களே, அதில் இந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத்தான் கடைசி இடம். இந்த வருஷமும் கடைசியென்றால் இழுத்து மூடிவிடுவார்களாம். அடுத்த பள்ளிக்கு ரயில் பாதையைத் தாண்டி இரண்டு பஸ் மாற வேண்டும். சிமெண்ட்டின் மகள் ஒன்பதாவது. மூடினால் அவள் படிப்பு அதோடு சரி.

வரிசை போடுவதற்கு முன் வீடு வீடாக விசாரிக்க ஒரு பெண் வருகிறாள், அலமாரியில் எத்தனை புத்தகம் என்றுகூடக் கேட்கிறாள் என்று காதில் விழுந்ததும் டெய்லர் துள்ளினார்.

"வெறும் சுவத்தைக் காட்டினா யாருய்யா மதிப்பான்? நாமளும் நாலு எழுத்து தெரிஞ்ச ஆளுங்கன்னு காட்டணும்."

ஆக, அந்தப் பெண் முன்படியில் ஏற, சிமெண்ட்டு பின்படியில் ஏறினார். அவள் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பியதும் புத்தகங்களை வாரிச் சாக்கில் திணிப்பார். அடுத்த வீட்டம்மா அவளை வாசலிலேயே நிறுத்தி, வெயிலைப் பற்றி ஒரு பாட்டம் பேசி முடிப்பதற்குள் உள்ளே அலமாரி நிறைந்திருக்கும்.

மூச்சு வாங்கினாலும் அவருக்குள் ஒரு குறுகுறுப்பு. தலை நரைத்த பிறகு மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவர். சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றின் தலைப்பை, அடுக்கும்போதெல்லாம் ஓரெழுத்து ஈரெழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தார். மாடி ஏற ஏறத் தலைப்பும் வளர்ந்தது. கடைசியில் பிடிபட்டது: தேனீ வளர்ப்பு.

கடைசி வீடு அவருடையது. வந்த பெண் அந்தச் சிவப்பு அட்டையை எடுத்தாள். மேலே டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை.

"அண்ணே, இந்தத் தேனீ எனக்கு முன்னாடியே எல்லா வீட்டுக்கும் பறந்து வந்துடுதே?"

மனைவி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிமெண்ட்டுக்குக் காது சுட்டது. இருந்தாலும் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த கேள்வி முந்திக்கொண்டது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பரீட்சை எழுதுறது பிள்ளைங்க. எங்க அலமாரியை எதுக்கு எண்ணுறீங்க?"

அவள் பேனாவை மூடினாள். "இத்தனை நாளா மார்க்கை மட்டும் பார்த்துதான் வரிசை போட்டாங்க. படிச்ச அப்பா அம்மா, டியூஷன், தனி ரூமுன்னு இருக்குற பிள்ளைங்க பள்ளிக்கூடம்தான் முதல்ல வந்துச்சு. அது பள்ளிக்கூடத்தோட சாமர்த்தியமா, வீட்டோட சாமர்த்தியமா? இனிமே ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல எவ்வளவு வாங்குறாங்கன்னு பார்ப்போம்."

கிடங்குக்குப் புதிதாக வந்த மேஸ்திரி ஒருவர் சிமெண்ட்டின் நினைவுக்கு வந்தார். பரணுக்கு ஏற்றியவனையும் தரையில் இறக்கியவனையும் ஒன்றாக நிறுத்தி மூட்டையை மட்டும் எண்ணிவிட்டு, பரண்காரனைச் சோம்பேறி என்றவர்.

"அப்போ ஒண்ணுமில்லாத வீட்டுப் பிள்ளை அறுபது வாங்கினா?"

"அது பெரிய அறுபது."

"அலமாரி நிறைய புத்தகம் இருந்தும் அறுபதுதான்னா?"

"பள்ளிக்கூடம் என்ன கிழிச்சுதுன்னு கேப்பாங்க."

சிமெண்ட்டு தலையில் கை வைத்தார். மகளின் பள்ளிக்கூடத்துக்கே வேட்டு வைக்கும் மூட்டையையல்லவா மாடி மாடியாகச் சுமந்திருக்கிறார்! அலமாரியைக் காலி செய்து சாக்கைத் தோளில் போட்டார்.

"வாங்கம்மா. கீழ இருந்து திரும்ப ஆரம்பிப்போம். இந்தத் தடவை முன்படி."

சாக்கைப் பார்த்ததுமே டெய்லர் கதவைப் பாதி சாத்தினார். "யோவ் சிமெண்ட்டு, மானத்தை வாங்காதேய்யா!"

"மானம் உள்ளயே இருக்கட்டும். அலமாரியை மட்டும் காட்டு." பிறகு விஷயத்தைச் சொன்னார்.

டெய்லர் தாடையைச் சொறிந்தார். "அட, இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? எழுதிக்கோம்மா. எங்க வீட்டுல இருக்குற ஒரே புத்தகம் தையல் மெஷினோட வந்தது."

எல்லா வீட்டுக் கணக்கையும் திருத்திவிட்டு மறுபடி மேலே வந்தார்கள்.

"அப்போ கடைசி இடம் போயிடுமா?"

"சொல்ல முடியாதுண்ணே. ஆனா நியாயமா அளப்பாங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

பத்தாவது என்று சொல்ல டெய்லர் பழக்கிவைத்திருந்தார். சிமெண்ட்டு அதை விழுங்கிக்கொண்டார். "இப்போ எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதுக்கு இடம் இருக்கா?"

அவள் தாளைப் புரட்டினாள். "பள்ளிக்கூடம் போனீங்களா இல்லையான்னுதான் இருக்கு."

மாலை வகுப்பில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. எழுத்துக் கற்றது எந்தத் தாளிலாவது ஏறட்டும் என்று ஆசைதான். மகளைப் பார்த்தார்.

"இல்லைன்னு போடுங்க."

எழுதிவிட்டு அவள் எழுந்தாள். சிமெண்ட்டு சாக்குக்குள் கைவிட்டுச் சிவப்புப் புத்தகத்தை வெளியே எடுத்தார்.

"இது நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப்போறதும்மா. எண்ணிடாதீங்க. தேனீயை எப்படித்தான் வளர்க்குறாங்கன்னு பார்க்கணும்."

அவள் படியிறங்குவதற்குள் முதல் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.