கார்த்திகை மழையில் அறுபது கிலோமீட்டர்

வங்கியில் வேலை பார்த்த சங்கரிக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தபோது, மகளின் கல்லூரிக்கும் அதுவே வசதி என்று திருவான்மியூரில் ஒரு ஃப்ளாட் பிடித்தார்கள். கணவர் கோபாலகிருஷ்ணன் மட்டும் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டார். அங்கே அணுமின் நிலையத்தில் அவர் டெக்னீஷியன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் அறுபது கிலோமீட்டர் போவார். ஞாயிறு மாலை திரும்புவார். இரண்டு வருடமாக இப்படித்தான்.

2001 டிசம்பரில் நான்கு நாள் விடாத மழை. வியாழக்கிழமை சங்கரி போன் செய்தாள்.

"இந்த மழையில வராதீங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"சரி" என்றார். ஆனால் வெள்ளி மாலை குவார்ட்டர்ஸின் அமைதி தாங்கவில்லை. ஐந்து மணிக்கு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாமல்லபுரம் வரை சமாளித்தார். அதற்கப்புறம் கடல்காற்று பக்கவாட்டில் அறைந்தது. ரெயின்கோட்டின் தையல் வழியே தண்ணீர் இறங்கி மடியில் தேங்கியது. ஷூ இரண்டும் கனத்தன. கோவளம் வருவதற்குள் விரல்கள் கிளட்ச்சைப் பிடிக்க மறுத்தன. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போடவும் தெம்பில்லாமல் நின்றார்.

கடை நடத்தும் வச்சலா ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், இப்டி நடுங்கினு கீற? கையி ரெண்டையும் இன்ஜின் கிட்ட காட்டு. தொட்றாத, சுட்ரும்."

சூடு ஏற ஏற விரல்களில் ஊசி குத்தியது. அவள் டீயும், நாலைந்து பழைய செய்தித்தாளும் கொண்டுவந்தாள்.

"சட்டைக்குள்ள மார்ல வெச்சுக்க. காத்து பூராது. எங்க வூட்டுக்காரர் போட்ல போவ சொல்ல அப்டித்தான் வெச்சுக்குவாரு." சாக்ஸுக்கு மேல் சுற்ற இரண்டு பிளாஸ்டிக் கவர் கொடுத்தாள். "வூட்ல தேடினு இருப்பாங்கல்ல?"

"ம்" என்றார்.

முட்டுக்காடு பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளியது. ஆனால் நெஞ்சு கதகதப்பாக இருந்தது. இந்தப் பேப்பர் வித்தையைச் சொன்னால் சங்கரி சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஃப்ளாட் பூட்டியிருந்தது. தன் சாவியால் திறந்தார். சமையலறைக் காலண்டரில் வெள்ளியையும் சனியையும் வட்டமிட்டு, மகளின் கையெழுத்தில் 'வேலூர் கல்யாணம்' என்று எழுதியிருந்தது. எழுதிப் பல நாளாகியிருக்க வேண்டும். பேனா மை மங்கியிருந்தது.

தலை துவட்டத் துண்டு தேடினார். மூன்று அலமாரிகளைத் திறந்தும் கிடைக்கவில்லை. சொந்த வீட்டில் துண்டு இருக்கும் இடம் தெரியவில்லையே என்பதுதான் அன்று அவரை அதிகம் உறுத்தியது. நனைந்த பேப்பரை மார்பிலிருந்து உரித்துப் போட்டார். மகளின் சால்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் சுருண்டார். விடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டு, ஈரப் பேன்ட்டையே மாட்டிக்கொண்டு கல்பாக்கம் திரும்பினார்.

ஞாயிறு சங்கரி போனில் பேசினாள்.

"நல்லவேளை நீங்க வரல. ரோடெல்லாம் தண்ணியாம்."

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவர், "வந்தேன்" என்றார்.



"எப்போ?"

"வெள்ளிக்கிழம. காலண்டரப் பாத்தேன்."

"இல்லீங்க... உங்களக் கூட்டிட்டுப் போனா, யார்கிட்டயும் பேசாம மூலையில உக்காந்திருப்பீங்க. உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும்..." அவள் முடிக்கவில்லை.

"தெரியும். கோபமில்ல. நீ துண்ட எங்க வெப்பன்னு மட்டும் சொல்லு."

சங்கரி அழுவது கேட்டது. அவர் ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அவளே சொன்னாள்:

"வர்ற சனிக்கிழம நான் அங்க வரேன்."

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. அவர் பத்து மணிக்கே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். மூன்றாவதாக வந்த பஸ்ஸில் அவள் தனியாக இறங்கினாள். பையை வாங்கிக்கொண்டார். குவார்ட்டர்ஸ் வரை நடந்தே போனார்கள். கதவைத் திறந்ததும் அவர் முதலில் துண்டு இருக்கும் இடத்தைக் காட்டினார்.