நான்கு மணிக்குச் சுடும் கொடி

தராசுக்காரரின் மகள் படுக்கையில் விழுந்த ஐந்து மாதங்களில் பதின்மூன்று கிலோ இளைத்தாள். அதே ஐந்து மாதங்களில் அவள் அறை ஜன்னலோரம் இருந்த தொட்டிக்கொடி பதின்மூன்று கிலோ கூடியது. இதில் ஊகத்துக்கு இடமில்லை. எடை பார்த்தவர் முப்பது வருடமாக அந்த ஊர்க் கடைகளின் தராசுகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர். இரண்டு கிராம் பிசகினாலும் கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் என்பதால் பாதிப் பேர் அவரை மதித்தார்கள், மீதிப் பேர் அவர் தெருமுனையில் திரும்பும்போதே தராசின் மேல் துணியைப் போட்டார்கள். மகளை ஞாயிறுதோறும் நாற்காலித் தராசில் உட்காரவைத்துப் பார்த்துவந்தார். கொடியை எடை போடும் எண்ணம் அவருக்கு முதலில் இருக்கவில்லை. ஒருநாள் கூட்டுவதற்காகத் தொட்டியை நகர்த்தப்போனவர் பாதியில் நின்றுவிட்டார். அவர் கண் ஏமாறலாம், கை ஏமாறாது.

மகள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள். அந்தக் கொடியும் வகுப்புக்காக வளர்த்ததுதான். ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதத்தை ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, பிறகு இலையைப் பறித்துப் பச்சையம் போக வேகவைத்து அயோடின் விட்டால், வெயில் பட்ட இடம் மட்டும் கருநீலமாகும், காகிதம் மறைத்த இடம் வெளிறியே கிடக்கும். வெயில் படாத இடத்தில் சமையல் நடக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை என்பாள். நோய் வந்து விடுப்பு எடுத்தபோது மேசையில் இருந்த மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்தத் தொட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நடும்போது காயவைத்துப் பார்த்த மண்ணின் எடையையும், வீட்டுக்கு வந்த அன்று பார்த்த கொடியின் எடையையும் தொட்டியின் அடியில் எழுதி வைத்திருந்தாள். தராசுக்காரர் சந்தேகப்பட்டது முதலில் மண்ணைத்தான். வேர் அறுபடாமல் மண்ணை உதிர்த்து, காயவைத்து, எடை போட்டார். ஒரு சிட்டிகைதான் குறைந்திருந்தது. அப்படியானால் இந்தப் பதின்மூன்று கிலோ எந்த வழியாக வந்தது என்று மகளிடமே கேட்டார்.

"நான் இளைச்சேனே, அந்தச் சதையெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"காய்ச்சல்ல கரைஞ்சு போச்சு."

"கரைஞ்சு எங்க போச்சு? சர்க்கரை தண்ணில கரைஞ்சாலும் டம்ளர்லதானே இருக்கும். நீங்கதானே எடை தொலையாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்க."

அவள் தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பாடம் நடத்த வாய்த்தால் அவளுக்கு வலி அரைமணி நேரம் தள்ளி நிற்கும். உடம்பில் கோடி கோடி உயிரணுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தீ இல்லாத சின்னச் சின்ன அடுப்புகள் எரிகின்றன, தின்ற சர்க்கரையையும் கொழுப்பையும் பிராணவாயுவோடு சேர்த்து அவை எரிக்கின்றன, அந்தச் சூட்டில்தான் இதயம் துடிக்கிறது, கண் இமைக்கிறது என்றாள். அடுப்பு என்றால் புகை வேண்டுமே. அந்தப் புகைதான் மூச்சில் வெளியேறும் கரியமில வாயு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்கும் எடை உண்டு. சாப்பாடு உடம்பில் ஒட்டாதவளுக்கு அடுப்பு தன் சதையையே விறகாக்குகிறது. அந்தப் புகையை இலை உறிஞ்சுகிறது, வேர் தண்ணீர் அனுப்புகிறது, வெயில் அடுப்பு மூட்டுகிறது, இலை சர்க்கரை சமைக்கிறது. அந்தச் சர்க்கரையைக் கொண்டே தண்டும் தளிரும் கட்டிக்கொள்கிறது. எல்லாச் செடிக்கும் இது பொது. மற்றச் செடிகள் யார் யார் மூச்சையோ எடுத்துக்கொள்ளும், இந்தக் கொடி மட்டும் அவள் மூச்சைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அதற்குக் காரணம் தனக்கும் தெரியாது என்று அவள் ஒப்புக்கொண்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவது அவள் வழக்கம். தினமும் மாலை நான்கு மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் ஏறும். அதே நேரத்தில் கொடியின் இலைகளும் சுட்டன. தராசுக்காரர் வெப்பமானியை ஓர் இலைக்குள் சுருட்டி வைத்துப் பார்த்தார். நூற்றிரண்டு.

அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் ஒரே வரியில் முடிந்தது. கொடி தன் பெண்ணைத் தின்கிறது. மறுநாள் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"எடு கையை. இன்னிக்கு இதை வேரோட அறுத்து எறியறேன். தின்னு கொழுத்துப்போய் உட்காந்திருக்கு பாரு."

"அம்மா, அது பிடுங்கித் தின்னலம்மா. நான் விட்டதைப் பொறுக்கி வச்சிருக்கு," என்றாள் மகள். "அதை வெட்டிட்டீங்கன்னா, போன பதிமூணு கிலோவையும் எங்க போய்த் தேடுவீங்க?"

கத்தரிக்கோல் அன்றைக்கே தையல் பெட்டிக்குத் திரும்பியது. ஆனால் அம்மா அதன் பிறகு கொடியின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஆறாம் மாதம் முதல் ஞாயிறன்று எண்பது கிராம் உதைத்தது. மகள் இழந்ததைவிடக் கொடி பெற்றது எண்பது கிராம் குறைவு. ஜன்னல் இடுக்கு வழியாகப் போயிருக்க வேண்டும். தராசுக்காரருக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. பொன்னும் மருந்தும் நிறுக்கும் நுண்தராசுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் நிறுப்பார்கள், காற்று பட்டால் முள் ஆடும் என்பதற்காக. அந்தத் தொழில் பழக்கம்தான் அவர் மூளையில் வேலை செய்தது. ஜன்னலை மூடி, சட்டத்தைச் சுற்றிலும் கண்ணாடிக்காரர் பூசும் மக்கை அழுத்திப் பூசினார். கதவின் அடியில் கம்பளித்துண்டைச் செருகினார். மகள் இனி இந்த அறையை விட்டு ஒரு கிராம்கூடப் போக மாட்டாள், ஒரு தட்டில் குறைந்தால் மறு தட்டில் இருப்பாள். அவள் மூச்சு கொடிக்கு, கொடி விடும் பிராணவாயு அவளுக்கு. இதைவிடச் சரியான தராசை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. இரண்டு வாரம் முள் நடுவிலேயே நின்றது.

பிறகு வானம் மூடிக்கொண்டது. ஒன்பது நாள் சூரியன் எட்டிப்பார்க்கவில்லை. பகலிலேயே விளக்கு போட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மகளுக்குத் தலை கனத்தது, ஐந்தாம் நாள் உதடு நிறம் மாறியது, ஒன்பதாம் நாள் மதியம் அவள் மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. கொடிதான் காற்று தருமே என்று அவர் தொட்டியைக் கட்டிலோடு ஒட்டி நகர்த்திவைத்தார். அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"அப்பா, வருஷா வருஷம் என் பசங்க பரீட்சையில எழுதற தப்பையே நீங்களும் செஞ்சிருக்கீங்க. செடி சமைக்க மட்டும்தான் செய்யும்னு. அதுக்கும் பசிக்காதா? அதுவும் உசுருதானே. ராத்திரி பகல் எந்நேரமும் அதுவும் மூச்சு விடும், அதுக்குள்ளயும் அடுப்பு எரியும். வெயில் இருந்தா எரிக்கறதைவிட அதிகமா சமைக்கும். வெயில் இல்லைன்னா சேத்து வச்சதை எரிச்சுக்கிட்டு, என் காத்தையே என்கூடப் பங்கு போடும்."

"எனக்குத் தெரியலையேம்மா."

"சொல்லிக் கொடுத்தேன். நீங்க பாதியிலேயே எடைக்கல்லைத் தேடப் போயிட்டீங்க. பூஜ்யம் போட்டுட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். திறந்தால் அவள் மூச்சு விடுவாள், ஆனால் அந்த மூச்சு தெருவுக்குப் போகும், அவர் கைக்கு வராது. முப்பது வருடத்தில் ஒரு சாமானையும் எடை தெரியாமல் அவர் வெளியே விட்டதில்லை. அவர் திருப்புளியை எடுத்து, காய்ந்து இறுகிய மக்கைச் சட்டம் முழுக்கக் கீறிப் பெயர்த்தார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. ஜன்னல் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே வந்தது, வேறு எதுவோ வெளியே போனது. மகள் ஒரு முழு மூச்சை இழுத்து, நிதானமாக விட்டாள்.

அந்த ஜன்னல் பிறகு மூடப்படவே இல்லை. நாற்பது நாள் கழித்து, நல்ல வெயிலடித்த ஒரு காலையில் அவள் இறந்தாள். ஜன்னல் திறந்ததிலிருந்து ஆறு கிலோ இளைத்திருந்தாள். கொடி இரண்டு கிலோதான் கூடியிருந்தது. நாலு கிலோவைக் காணவில்லை.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வாசல் தொட்டிச் செடி நாலு மணியானா சுடுது. ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க."

தராசுக்காரர் தராசோடு போனார். தொள்ளாயிரம் கிராம். மருந்துக்கடைக்காரரின் எலுமிச்சைச் செடியில் ஒரு கிலோ இருநூறு. முடிதிருத்துபவரின் வாசலில் படர்ந்திருந்ததில் எழுநூறு. பாக்கி ஒரு கிலோ இருநூறு பள்ளிக்கூடத்தின் பச்சை வேலியில் இருந்தது. நான்கு மணிக்கு மணியடித்ததும் பிள்ளைகள் வேலியில் கை வைத்து, "டீச்சருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வேலியைப் பிடுங்கித் தட்டில் வைக்க முடியாது. அது அங்கேதான் இருக்கிறது என்று அவர் நிறுக்காமலே நம்பினார். அப்படி அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கொடியின் பக்கமே திரும்பாத அம்மா இப்போது காலை முதல் அதன் முன்னால் உட்கார்ந்து, இலைகளுக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள். பேச ஒன்றும் இல்லாதபோது வெறுமனே மூச்சு விட்டாள். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. அவளை நாற்காலித் தராசில் உட்காரச் சொல்ல அவருக்குத் துணிவில்லை, கொடியை மட்டும் எடை போட்டார். நாலு மாதத்தில் ஏழு கிலோ கூடியிருந்தது. அவள் மறைந்து போக வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. சொன்னால் கேட்பவள் இல்லை. ஜன்னல் ஏற்கெனவே திறந்தே இருக்கிறது, திறக்க இன்னொரு ஜன்னலும் அந்த வீட்டில் இல்லை.

கோடையில் கொடி காய்த்தது. கோலிகுண்டு அளவில் மஞ்சளாக ஒன்பது பழங்கள். அவர் ஒன்றைப் பறித்துக் கழுவி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"என்ன இது?"

"உன் பொண்ணு சமைச்சது. சாப்பிடு."

அவள் அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள்.

"ஒரு நாள்கூட அடுப்படிப் பக்கம் வந்ததில்ல," என்றாள். "உப்பு எங்க இருக்குன்னு கேப்பா." பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். முகம் லேசாகச் சுளித்தது; இனிப்பு கொஞ்சம் அதிகம் என்றாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவள் நெற்றி சுட்டது. தராசுக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. நூற்றிரண்டு இருக்கும், வெப்பமானி தேவைப்படவில்லை. உள்ளே அடுப்பு எரிந்தது. ஐந்து மணிக்குச் சூடு இறங்கியது, அவளுக்குப் பசித்தது. ஞாயிறன்று அவளே வந்து நாற்காலித் தராசில் உட்கார்ந்தாள். ஒன்பது பழமும் தீர்வதற்குள் இரண்டு கிலோ தேறியிருந்தாள், கொடி இரண்டு கிலோ இறங்கியிருந்தது. அடுத்த கோடையிலும் அது காய்த்தது, அதற்கடுத்த கோடையிலும். தையல்காரர் தம் வாசல் செடியின் பழங்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, இது உங்க வீட்டுது அண்ணி என்று கொடுத்துவிட்டுப் போவார். அம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, நான்கு மணி தாண்டியதும் கொடியின் வேருக்குக் குளிர்ந்த நீர் விட்டு, ஓர் ஈரத்துணியை மடித்து மேலிலைகளின் மேல் போடுவாள். சூடு தணியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.