ஏழாவது பீப்பாய்

அந்த விஸ்கி ஆலையில் அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சரக்கு பாட்டிலுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று முப்பது வருடமாகத் தீர்ப்புச் சொன்னது அவர் மூக்கு. மூன்று மாதத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. சோப்பா மண்ணெண்ணெயா என்றுகூடத் தெரியவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். ஆலையில் மூச்சு விடவில்லை.

எப்படிச் சமாளித்தார் என்றால், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர், ஆலையின் கிடங்குப் பொறுப்பாளர். ருசி பார்க்கும் அறையில் ஒரு வழக்கம்: மூக்கர் வாய் திறக்கும்வரை வேறு யாரும் திறக்கக்கூடாது. வாயைத்தானே கட்டிப்போட முடியும்? சரியில்லாத சரக்கு என்றால் மாப்பிள்ளையின் மேலுதடு லேசாகச் சுருங்கும். அதை வைத்தே மூக்கர் மூன்று மாதம் வண்டியை ஓட்டிவிட்டார்.

இன்றைக்கு வந்தது சாதாரணச் சரக்கு இல்லை. இருபத்திரண்டு வருடம் ஊறிய சிங்கிள் மால்ட் என்ற உயர்ந்த ரக விஸ்கி. முன்பு சிவப்பு ஒயின் இருந்த பன்னிரண்டு பீப்பாய்களில் கடைசிப் பதினோரு மாதம் கிடந்தது. அவர் நல்லதென்று சொல்வதையெல்லாம் மதியம் ஒரே தொட்டியில் கலந்துவிடுவார்கள். ஒயின் பீப்பாய் காலியாகக் கிடக்கும்போது கெடாமலிருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவார்கள். அந்த நாற்றம் ஒரு பீப்பாயில் தங்கியிருந்தாலும் தொட்டி முழுக்க நாசம். போன இருபத்திரண்டு வருடத்தை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கிளாஸ்கள் வரிசையாக நின்றன. மூக்கர், மாப்பிள்ளை, சோதனைக்கூடத்து அம்மாள் மூவரும் ஒவ்வொன்றாக முகர்ந்தார்கள், துளித் தண்ணீர் விட்டு வாயில் வைத்தார்கள், துப்பினார்கள். மூக்கரின் நாக்கில் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் எரிச்சல், அதோடு சரி. ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தார். முதல் கிளாஸிலிருந்து பன்னிரண்டாவது வரை அந்த முகம் அசையவே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் மனம் ஆசையோடு சொன்னது. பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும் முன் நிமிர்ந்தபோது மாப்பிள்ளை தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். கண் கலங்கியிருந்தது.

மூக்கருக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அந்த உதடு தானாகச் சுருங்கவில்லை, தனக்காகச் சுருங்கியிருக்கிறது.

"எத்தனை நாளாத் தெரியும் மாப்ள?"

"மொதல் வாரத்துலேர்ந்தே, மச்சான். கிடங்குல டீசல் கொட்டினப்ப எல்லாரும் மூக்கைப் பொத்தினாங்க. நீங்க பாட்டுக்குப் பேசிட்டு நின்னீங்க."

"அப்ப இன்னைக்கு ஏன் ஒண்ணும் காட்டல?"

"எனக்குத் தப்பா எதுவும் தெரியல. ஆனா என் மூக்கை நம்பி இதைக் கலக்க முடியாது, மச்சான். உண்மையைச் சொல்லிடுங்க."

அம்மாள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கர் பேனாவை மூடினார். அவமானம் பிடுங்கித் தின்றது. ஓடிவிடலாம் போல இருந்தது.

"எனக்கு வாசனை தெரியலம்மா. மூணு மாசமாச்சு. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

அம்மாள் கையை நீட்டி ஏழாவது கிளாஸை மட்டும் தனியே நகர்த்தி வைத்தார்.

"இதுல தீக்குச்சி கொளுத்தின மாதிரி கந்தக நாத்தம் அடிக்குது சார். நீங்க சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன்."

"பன்னெண்டும் நல்லாருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டிருந்தா?"

அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத்தான் மூக்கு சரியில்லைன்னு நெனச்சிருப்பேன் சார்."