இரண்டு அங்க அடையாளங்கள்

இரவில் விளக்கை அணைத்த பிறகு எங்கள் வீட்டில் ரவை சலிக்கிற சத்தம் கேட்கும். வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் நுணுக்கங்களை எடுத்துக்கொள்ளும் சத்தம் அது. பழைய விளையாட்டைப் பெரிய திரையில் துல்லியமாக ஆட வேண்டுமென்றால் அந்தத் துல்லியம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். விலை கூடிய மெஷின்களில் அது மெஷினுக்குள்ளேயே இருக்கும். எங்களுடையது ஏதோ ஓர் ஆபீஸில் வேண்டாமென்று கழித்தது. ஆகவே வீட்டிலிருந்து எடுக்கிறது.

என் கணவர் வில்பிரட் அதில் ஆடுவது ஒரே ஒரு விளையாட்டுதான். காட்டுக்கு நடுவில் ஒரு பங்களா. அதன் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போக வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஹாஸ்டலில் ஆடியபோது சுவரெல்லாம் கட்டம் கட்டமாகவும் மரமெல்லாம் பச்சை டப்பாவாகவும் இருக்குமாம். மாடி நடையின் கடைசியில் இருந்த கதவை மட்டும் அந்த ஹாஸ்டலில் ஒருவராலும் திறக்க முடியவில்லை. அது சும்மா வரைந்து வைத்த கதவு என்று சிலர் சொன்னார்கள். "உள்ள யாரோ தாப்பாள் போட்டுட்டு இருக்காங்கடே" என்று இவருடைய அறைத் தோழர் சொல்வாராம். அந்தக் கதவை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். இவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மே மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் காசி அண்ணாச்சி வந்து மெஷினைப் பிரித்து, யாரோ பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினார். கூட ஒரு ரேம், ஒரு புது ஃபேன்.

"பழைய கேமுக்கு இது தாராளம் தம்பி. ஃபோர்-கேலயே ஓடும்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுல உள்ளதக் கொஞ்சம் எடுக்கும்மா. முதல்ல பொடி எழுத்து. அப்புறம் தழும்பு, மச்சம். மூக்கு முழியெல்லாம் கடைசியிலதான்," என்றார்.

காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

முதல் வாரம் காலண்டரில் தேதிக்குக் கீழே இருந்த புனிதர்களின் பெயர்கள் போயின. பிறகு ஜன்னல் வலை, கண்ணி எதுவும் இல்லாத சாம்பல் நிறத் தகடாயிற்று. கொசு வரவில்லை, காற்றும் வரவில்லை. சோற்றுப் பருக்கைகள் சதுரமாக விழுந்தன. மேல்வீட்டு பிளாரன்ஸ் அக்காவிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் ஆடுவது கார்ப் பந்தயம்.

"உங்க வீட்டுல இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு? எங்க பூனைக்கு மூணு மாசமா மீசை இல்ல. எந்த இடுக்குல நுழையலாம்னு தெரியாம மாட்டிக்கிட்டே கெடக்கு," என்றாள்.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குப் பயம் செரினைப் பற்றித்தான். எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. நான் படித்த கான்வென்ட்டிலேயே அவளுக்கு எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கியிருந்தேன். இரத்த வகைக்குக் கீழே 'அங்க அடையாளங்கள்' என்று போட்டு இரண்டு கோடுகள். முதல் கோட்டில், இடது காதுக்குக் கீழே மச்சம் என்று எழுதினேன். இரண்டாவதில், வலது முழங்காலில் தழும்பு. மூன்று சக்கர சைக்கிளிலிருந்து விழுந்தபோது பட்டது.

"அடுத்த திங்கட்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வாம்மா, சரிபார்க்கணும்," என்றார் சிஸ்டர் பெனடிக்டா. எனக்கும் அவர்தான் கணக்குப் பாடம் எடுத்தார். "ரெண்டும் இருக்கணும். அடையாளம் இல்லாத பிள்ளைய மணி அடிச்சதும் நான் யார் கையில ஒப்படைக்கிறது? போன வருஷத்துப் பிள்ளைங்க ரெண்டு பேர் இன்னும் ஸ்டாஃப் ரூம்லதான் இருக்காங்க."

போகும்போது எட்டிப் பார்த்தேன். வழவழவென்று இரண்டு பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் என் நிழல் விழுந்ததும் இருவரும் சேர்ந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அது அம்மா இல்லை என்று சிஸ்டர் சொன்னதும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டும்போது செரினின் முழங்கால் வழவழவென்று இருந்தது.

அன்று இரவு வில்பிரட் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வந்து பாரு. மாடி நடையில தூரத்துல நிக்குல்லா, கல்லு பொம்மை, அதோட முட்டில தழும்பு தெரியுது! ஹாஸ்டல்ல ஆடும்போது இத தண்ணி டிரம்னுல்லா நெனச்சோம்."

"அது நம்ம செரினோட தழும்புங்க."

"அப்படியா?" திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு."

"கொஞ்சம் குறைச்சு வைங்களேன்."

"குறைச்சா எடுத்ததெல்லாம் உள்ளயே தங்கிரும்னு அண்ணாச்சி சொல்லிட்டார்லா. அந்தக் கதவு மட்டும் தெளிஞ்சு வரட்டும். அதோட விட்டுருதேன்." மவுஸைப் பிடித்திருந்த அவர் விரல்களில் நகங்கள் இல்லை.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். செரினை என் அம்மா வீட்டுக்கு, கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் விட்டால் சரியாகுமா என்று கேட்டேன். "ரேஷன் கார்டுல பேரு இருக்கிற வரைக்கும் எங்க போனாலும் எடுக்கும்மா," என்றார். கார்டை எடுத்துப் பார்த்தேன். பெயர் இருந்தது.

செரின் பிறந்ததிலிருந்து நான் அவள் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பேன். புதன்கிழமை காலையில் பொட்டைக் காணோம். தலையணையிலும் மை ஒட்டவில்லை. மச்சம் அப்படியே இருந்தது. பங்களாவின் சுண்ணாம்புச் சுவரில் புதிதாக ஒரு கரும்புள்ளி தெரிந்தது. மெஷினுக்கு மையும் மச்சமும் ஒன்றுதான் என்று புரிந்துகொண்டேன். அன்று இரவு ஏழு பொட்டு வைத்தேன். வியாழன் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை நெற்றி, கை, கால் எல்லாம் வைத்தேன்.

"அம்மா, நான் சிறுத்தையா?" என்றாள் செரின்.

"ஆமா. தூங்கு."

என் வலது மணிக்கட்டில் ஒரு மச்சம் உண்டு. அதைத் தடவிக்கொண்டேதான் அவள் தூங்குவாள்.

சனிக்கிழமை இரவு, காவலுக்கு இருக்கட்டும் என்று அவள் மச்சத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு பொட்டு வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஞாயிறு காலை இடது காதுக்குக் கீழே ஒரே ஒரு கறுப்பு இருந்தது. மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, பூசைக்குப் போக முகம் கழுவிவிட்டேன். அந்தக் கறுப்பு என் கட்டைவிரலோடு வந்துவிட்டது.

நாங்கள் பூசைக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குள் செரினின் மூக்கு ஓரம் சின்னச் சின்னப் படிகளாக ஆகத் தொடங்கியது.

இருட்டிய பிறகு வில்பிரட் சத்தம் போட்டார். "வந்துட்டு ஏட்டி! கதவு வந்துட்டு!"

போய்ப் பார்த்தேன். மரத்தின் ரேகை, கீல், பித்தளைப் பிடி எல்லாம் தெரிந்தன. பிடிக்கு இடது பக்கம் கொஞ்சம் கீழே, மிளகில் பாதி அளவுக்கு ஒரு கணு. ஓரத்தில் லேசான காப்பி நிறம். மூன்றரை வருஷமாக நான் முத்தம் கொடுத்த இடம் அது.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்," என்றார். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

அவர் அடுப்படிக்குப் போனதும் செரினைத் தூக்கிக்கொண்டு திரைக்குள்ளே போனேன். விளிம்பு லேசாகச் சுட்டது. மாடி நடையில் குளிர்ச்சியாக இருந்தது. கல் பொம்மைக்கு முன்னால் குனிந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அதன் முழங்காலிலிருந்து தழும்பை எடுத்து செரினின் முழங்காலில் தேய்த்தேன். கதவிலிருந்து மச்சத்தை எடுத்து அவள் காதுக்குக் கீழே வைத்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. மூக்கின் படிகள் மறைந்தன.

கதவு பூட்டியிருக்கவில்லை. அறைக்குள் ஒரு மேஜை இருந்தது. அதன்மேல் ஜன்னல் வலையின் கண்ணிகளும், என் கணவரின் பத்து நகங்களும், புனிதர்களின் பெயர்களும் தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே நுழைந்து கதவை மூடினேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை மட்டும் இருந்தது. அது விரலில் அகப்படவில்லை.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது.

என்னுடைய டி.சி.யிலும் இரண்டு கோடுகள் உண்டு. வலது மணிக்கட்டில் மச்சம், நெற்றியில் தழும்பு. மணிக்கட்டைக் கறையின்மேல் வைத்தேன். ரவை சலிக்கிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாளுக்குக் குமிழ் வந்தது. நெற்றியை வைத்தேன். தாழ்ப்பாள் போய் விழுவதற்குத் துளை வந்தது, கொஞ்சம் துருவும் வந்தது. தாழ்ப்பாளைக் கடைசிவரை தள்ளினேன்.

வெளியே பிடியைத் திருகிப் பார்த்தார்கள். "தொறக்க மாட்டேங்குதுடே," என்றது என் கணவரின் குரல். பத்தொன்பது, இருபது வயதுக் குரல்.

"உள்ள யாரோ தாப்பாள் போட்டுட்டு இருக்காங்கடே," என்றார் இன்னொருவர். சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

செரினுக்குத் தூக்கம் வந்துவிட்டது. என் மணிக்கட்டை எடுத்துத் தடவினாள். திருப்பிப் பார்த்தாள். மற்றக் கையையும் பார்த்தாள். பிறகு கையைப் பதமாக என் மடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆன்டி, எங்க அம்மா எப்ப வருவாங்க?"

"மணி அடிச்சதும் வந்துருவாங்க," என்றேன்.