சவெக் மலைக்கு இரண்டாவது கனவு

குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்த செய்தி ஃபோனில் வந்தபோது நான் கடையில் முட்டை ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தேன். செய்தியைப் படித்து முடிப்பதற்குள் ரொட்டி கருகிவிட்டது. காத்திருந்த ஆளிடம், "காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க," என்று நீட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, தம்பியின் தோட்டத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே எனக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது.

ஹைசூல் தக்காளிக் கொடிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், கிடைச்சிருச்சுடா! நம்ம ரெண்டு பேருக்கும்!"

அவன் கயிற்றைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நம்ம மலைக்கு நாம போறதுக்குக் குலுக்கல். நாளைக்கு நம்ம வீட்டுக் கக்கூசுக்குப் போகவும் சீட்டு எடுக்கச் சொல்லுவான்."

"சொன்னா எடுத்துட்டுப் போ. உனக்கும் சேத்து நானே மனு போடுறேன்."

"எனக்கு அவசரம்னா என்ன பண்றது?"

பக்கத்து வரிசையிலிருந்து அவன் மனைவி ஆபுஸ் எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு வேற யாரையும் தேட வேண்டாம் அண்ணி. இது ஒண்ணே போதும், ஊர் சிரிக்க," என்றாள்.

அரசாங்கத் தாளில் அந்த மலைக்கு யூஷான் என்று பெயர். மலைவாசிகளான எங்கள் புனுன் ஜனத்துக்கு அது சவெக். பெருவெள்ளத்தில் எல்லாம் மூழ்கியபோது எங்கள் ஆட்கள் ஏறித் தப்பித்தது அதன் உச்சியில்தான். அங்கே குளிரில் விறைத்துக் கிடந்தவர்களுக்கு நெருப்பு எடுத்துவரத் தேரை முதலில் போனது. பாதி வழியில் தண்ணீர் பட்டு நெருப்பு அணைந்துவிட்டது. பிறகு கைபிஸ் பறவை போய், அலகு வெந்து சிவந்தாலும் விடாமல் கொண்டுவந்து சேர்த்தது. இன்றைக்கும் கைபிஸை நோக்கி நாங்கள் விரல் நீட்ட மாட்டோம். தோற்றுப்போன தேரையையும் மிதிக்க மாட்டோம். பாவம், போய்ப் பார்த்ததே.

அந்த மலைக்குப் போக இப்போது அனுமதி வேண்டும். மேலே இருக்கும் விடுதியில் இத்தனை பேருக்குத்தான் படுக்கை, அதற்குமேல் ஒருவரைக்கூட விட மாட்டார்கள். கொடுத்த பெயர் கொடுத்ததுதான், ஆள் மாற்ற முடியாது. தேதியும் அப்படியே. அன்றைக்குப் போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து குலுக்கல். ஏற்கனவே பல தடவை மனு போட்டும், ஒவ்வொரு தடவையும் "வருந்துகிறோம்" என்றுதான் பதில் வந்தது. வருந்துகிறார்களாம்! வருந்தியது யார் என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் அந்த மனுக்களைப் போட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, கீழே டவுன் ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய்க்கொண்டிருந்த வருடங்களில், நாளை மறுநாளுக்கு அப்பால் எனக்குத் தேதியே கிடையாது. யாராவது "அடுத்த மாசம் கல்யாணம், வந்துடுங்க" என்றால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது இரண்டு மாதம் தள்ளி ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டத்தில் அழுத்தி, அன்றைக்கு நான் இருப்பேன், நடப்பேன் என்று அரசாங்கத்துக்கே சொல்கிறேன். இதைவிட வேறு என்ன வேண்டும்?

நான் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஹைசூலால். அவனுடைய ஒரு சிறுநீரகம் என் வயிற்றில் இருக்கிறது. ஆனால் அதற்கு நன்றி சொல்ல மட்டும் அவன் விட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் "ஊனினாங்" என்றேன். எங்கள் பாஷையில் நன்றி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பன்னி அடிச்சா வீட்டுக்கு வீடு பங்கு வைக்கிறோம். பங்கு வாங்குறவங்க நன்றியா சொல்றாங்க? அது அவங்க பங்கு. இது உன் பங்கு. பேசாம படு."

"டேய், இது பன்னிக்கறி இல்லடா."

"வாய்க்கு வாய் சொல்லிக்கிட்டே இருந்தா திருப்பி வாங்கிடுவேன். சொல்லியே ஆகணும்னா சவெக் உச்சிக்கு வந்து சொல்லு, கேக்குறேன்."

அந்த நிலைமையில் நான் எங்கே சவெக் ஏறப் போகிறேன் என்ற தைரியத்தில் சொன்னது. என்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹைசூல் கனவு பார்த்துக் கிளம்புகிறவன். வேட்டையோ பயணமோ, முந்தின ராத்திரி கனவு நன்றாக இருக்க வேண்டும். யாராவது கையில் எதையாவது கொடுப்பதுபோல் வந்தால் நல்லது, பல் விழுந்தால் கிளம்பக் கூடாது. கிளம்பும்போது யாராவது தும்மினாலும் கூடாது. அதெல்லாம் சாமு, விலக்கு. ஊரில் இப்போது பாதிப் பேர் இதைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். இவன் தாண்ட மாட்டான். ஆபரேஷனுக்கு நாள் குறித்து, என்னையும் அவனையும் பட்டினி போட்டு வைத்திருந்த காலையில், "பல் விழுந்த மாதிரி கனவு வந்துச்சு, இன்னைக்கு வேண்டாம்" என்று டாக்டரிடம் சொன்னான். டாக்டர் அவனுக்குப் பயம் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். ஒரு வாரம் தள்ளிப் போனது. அந்த ஒரு வாரமும் நான் மெஷினில் கிடந்து அவனைத் திட்டாத திட்டு இல்லை. அடுத்த வாரம் நல்ல கனவு கண்டு, சிரித்துக்கொண்டே வந்து படுத்தான். நல்ல கனவு வந்ததாக அவன் அன்றைக்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கனவில் மட்டும் பொய் சொல்ல மாட்டான்.

தேதி கிடைத்த மறுநாளிலிருந்து ஏற்பாடுகள் தொடங்கின. தினமும் கடையை மூடிவிட்டு, முதுகில் அரிசி மூட்டையோடு அருவி வரைக்கும் ஏறி இறங்கினேன். "அரிசியை ஏன் அக்கா ஊர் சுத்திக் காட்டுற?" என்று ஹைசூல் கேட்டான். மாத்திரைகளை இரண்டு டப்பாவில் பிரித்து, ஒன்றை என் பையிலும் இன்னொன்றை அவன் பையிலும் போட்டேன். ஒரு பை பள்ளத்தில் விழுந்தாலும் மாத்திரை தவறக் கூடாது. அரைவேக்காடு எதுவும் எனக்கு ஆகாது என்பதால் வழிக்குக் கொடுத்துவிடுகிற பன்றிக்கறியை எப்படி வேகவைப்பது என்று ஆபுஸ் ஒத்திகையே நடத்தினாள். செருப்புத் தோல்போல் வந்தது. ஹைசூல் அதைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "மலையில கயிறு தேவைப்பட்டா இதையே கட்டிக்கலாம்," என்றான்.

கடைசியாக டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிறுநீரகம் களைப்பதைக் காட்டும் எண் லேசாக ஏறியிருக்கிறதாம். "போயிட்டு வாங்க. மெதுவா ஏறுங்க," என்றவர், நான் எழுந்தபோது, "அடுத்த வருஷம்னு தள்ளிப் போடாதீங்க, இந்த வருஷமே போயிடுங்க," என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை ஆபுஸிடம் மட்டும் சொன்னேன். தம்பியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

கிளம்புகிற காலையில் பையோடு தம்பி வீட்டுக்குப் போனேன். ஹைசூல் முகம் கழுவிக்கொண்டே, "யாரோ சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கையில வச்சாங்க," என்றான். நல்ல கனவு. எனக்கு உடம்பெல்லாம் லேசானது. டிரக்கை ஓட்டிவந்து எங்களை மலை வாசலில் விடப்போகிறவள் ஆபுஸ்தான். மதியத்துக்குள் அங்கே அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். அவள் கடைசி நிமிடத்தில், வழிக்கு உறைப்பாக ஏதாவது வேண்டுமே என்று அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். ஹைசூல் பையைத் தூக்கி ஒரு தோளில் மாட்டினான். வாசற்படியைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

தும்மினான்.

சின்னத் தும்மல்கூட இல்லை. கோழிகள் சிதறின.

ஆபுஸ் வாணலியோடு வெளியே வந்தாள். "என் மிளகாய்தான் தும்முச்சு. நீங்க தும்மல."

"மூக்கு என்னோடது," என்றான் ஹைசூல். பையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். "சாமு, அக்கா. போகக் கூடாது."

எனக்கு வந்ததே கோபம். "அந்த ஆபீஸ்ல போய் என்னடா சொல்றது? தம்பி தும்மிட்டான், தேதி மாத்திக் குடுங்கன்னா? எத்தனை தடவை மனு போட்டேன்! அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு நாய் மாதிரி அலைஞ்சேன்!"

"எனக்காகவா சொல்றேன்? வழியில உனக்கு ஏதாவது ஆனா?"

"எனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆயாச்சு!"

கண்ணீர் வந்துவிட்டது. அவன் பார்க்கக் கூடாது என்று கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவினேன். சமையலறை ஜன்னல் வழியாக ஆபுஸின் குரல் கேட்டது. சத்தியம் வாங்கியது வீண். டாக்டர் சொன்ன கடைசி வாக்கியத்தை அவள் அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் கிடையாதாம், புரியுதா? சும்மா உக்காந்து மூக்கைத் தடவாதீங்க."

நான் திரும்பி வந்தபோது ஹைசூல் பையிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"கிளம்பலைன்னா தும்மலுக்குக் கணக்கில்ல. பையைப் பிரிச்சாச்சு. இப்ப நாம எங்கயும் கிளம்பல. தூங்கி எந்திரிச்சு, நல்ல கனவு வந்தா புதுசா கிளம்புவோம்."

"வெயில் ஏறிடுச்சேடா!"

"படு அக்கா. நீயும் படு. பேசினா கனவு வராது."

பட்டப்பகலில் பாய் விரித்து, நானும் அவனும் எதிரெதிராகப் படுத்தோம். ஆபுஸ் நாயை வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். சேவல் ஒன்று கூவியதற்கு, தூரத்தில் அவள் அதைத் திட்டுவது கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், தூக்கம் வரவில்லை. மதியத்துக்குள் மலை வாசல் என்பது மட்டுமே மண்டையில் ஓடியது.

அரைக்கண்ணால் தம்பியைப் பார்த்தேன். ஹைசூல் தூங்கினால் எதிர்ச்சரிவு வரை குறட்டை கேட்கும். கல்யாணமான புதிதில் ஆபுஸ் என் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டதே அதனால்தான். இப்போது ஒரு சத்தமும் இல்லை. மல்லாந்து படுத்திருந்தான். கண் இரண்டும் திறந்திருந்தன. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இமை கொட்டுவதுகூடக் குறைவாக இருந்தது. கை மட்டும் வயிற்றின் ஒரு பக்கத்தில், தையல் போட்ட இடத்தில் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ. ஒரு தடவைகூடத் தூங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பிறகு அவன் கண்ணை இறுக்கி மூடினான். கொஞ்சம் பொறுத்துத் திடுக்கிட்டவன்போல் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கி, கொட்டாவி விட்டான். கொட்டாவி கொஞ்சம் அதிகம்தான்.

"வந்துச்சு," என்றான்.

"என்ன வந்துச்சு?"

"கைபிஸ். உன் கையில தணலை வச்சுது. சுடவே இல்ல. நீ சிரிச்ச." என்னைப் பார்க்காமல் பையை அடுக்கத் தொடங்கினான். "எந்திரி அக்கா, நேரமாச்சு."

தோட்டத்திலிருந்து திரும்பிவந்து வாசலில் நின்ற ஆபுஸ் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் டிரக் சாவியை எடுத்தாள்.

மலை வாசலில் சீட்டைக் காட்டும்போது நேரம் முடிய நூலிழைதான் பாக்கி இருந்தது. அதிகாரி பெயர்களைச் சரிபார்த்து, "லேட்டு," என்றார். "தூங்கிட்டோம்," என்றேன். படுத்தது மட்டும்தான் உண்மை.

மறுநாள் விடியும்போது உச்சியில் நின்றோம். மேகம் எல்லாம் காலடியில் இருந்தது. காற்று தள்ளிய தள்ளில் நான் அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லிடுறேன்டா," என்றேன். "ஊனினாங்."

"சரி சரி, கேட்டாச்சு. கிட்னி உன் பங்குன்னு அன்னைக்கே சொன்னேன்."

"கிட்னிக்கு இல்லடா. கனவுக்கு."

அவன் என் குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டான். கீழே எங்கள் ஊர் இருக்கிற திசையைப் பார்த்தான்.

"குறட்டை விட மறந்துட்டேன், இல்ல?" என்றான்.

"ம்."

"அடுத்த தடவை விடுறேன்."

இறங்கும்போது வழி முழுக்க நான் அடுத்த தடவைக்கு எந்த மாதத்தில் மனு போடலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.