படம் இல்லாத மூன்று நிமிடங்கள்

அப்டேட் முடிந்து கணினி மறுபடி எழுந்தபோது காலை மணி பத்தரை. அண்ணன் எடுத்த விழாவின் கோப்பைத் திறந்தேன். படம் ஓடியது. மேடையில் ஓய்வு பெறுகிற மேலாளர் வாயைத் திறந்து திறந்து மூடினார், எதிரே இருந்தவர்கள் கைதட்டினார்கள், ஆனால் பொட்டுச் சத்தம் இல்லை. ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்த்தேன். ஒயர் பேரில் தப்பில்லை. திரையின் அடியில் ஒரு மஞ்சள் பட்டை, இந்தக் கோப்பின் ஒலி வகை இனி இந்தப் பதிப்பில் இயங்காது என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னது. இரண்டு மாதமாகத் தினமும் ‘இப்போதா, பிறகா’ என்று நச்சரித்த அப்டேட் அது. தினமும் பிறகு, பிறகு என்று தள்ளியவன், அன்றைக்குப் பார்த்துப் புத்தி கெட்டுப்போய்ச் சரி என்று அழுத்தித் தொலைத்தேன்.

அன்று நாலு மணிக்கு அண்ணியும் பாப்பாவும் வருவதாக இருந்தது. அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. பாப்பாவுக்கு நாலரை வயது. போன வாரம் அண்ணியிடம், “அப்பா எப்படிம்மா பேசுவாரு? சித்தப்பா மாதிரியா?” என்று கேட்டிருக்கிறாள். அதை அண்ணி போனில் சொன்னதும், அவன் குரலைக் கேட்க வைக்கிறேன், கூட்டி வாருங்கள் என்றேன். கேமராக்காரன் வீட்டில் ஊரார் படமெல்லாம் இருக்கும், அவன் படம் மட்டும் இருக்காது. போனில் பேசிப் பதிந்து அனுப்புகிற பழக்கமும் அண்ணனுக்குக் கிடையாது. மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தியவன். அவன் குரல் இருந்த ஒரே இடம் அவன் எடுத்த படங்கள்தான்.

அங்கேயும் நான் விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் அவன் எடுத்தான், நான் வெட்டி ஒட்டினேன். எடுக்கும்போதே எனக்குக் குறிப்புச் சொல்லிக்கொண்டே எடுப்பான். “கத்திரி, இந்த ஆளு கொட்டாவி விடுறாரு, எடுத்துடு.” “கத்திரி, இந்தம்மா சிரிப்பு நல்லாருக்கு, வச்சிக்கோ.” கத்திரி என்பது நான்தான். கோப்பு கைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை, அந்தக் குரலை வழித்தெடுத்துவிட்டு மேலே ஒரு இசையைப் பூசுவது. வேலையை ஒப்படைத்ததும் செய்கிற வேலை, மூலக் கோப்புகளை அழித்து டிஸ்கில் இடம் பண்ணுவது. கூடப்பிறந்தவன் குரலை என் கையாலேயே சொட்டு மிச்சமில்லாமல் துடைத்திருக்கிறேன். அழிக்க மறந்து பழைய டிஸ்க் ஒன்றில் தங்கிப்போனது இந்த விழா மட்டும்தான். இதை எடுத்த மறுவாரம் லாரி மோதியதில் அண்ணனோடு கேமராவும் போய்விட்டது.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?” என்றார். உலகத்தில் எது கெட்டாலும் அவரிடம் அந்த ஒரு வைத்தியம்தான். நாலு தடவை பண்ணியாயிற்று என்றேன்.

“அப்ப கோடெக் பிரச்சனைதான். கேமரா சத்தத்தை அதோட பாணியில மடிச்சு வைக்கும் சார். பிரிக்கத் தெரிஞ்சது கோடெக். உங்க கேமரா கம்பெனிய மூடியே நாளாச்சு. புதுப் பதிப்புல அந்தக் கோடெக்கைத் தூக்கிட்டாங்க.”

“பழைய பதிப்புக்கே திரும்பிட்டா?”

“அதையும் எடுத்துட்டாங்க சார். கோப்பை வேற வகையா மாத்துற கன்வெர்ட்டர் எதுலயாவது போட்டுப் பாருங்க.”

முதல் கன்வெர்ட்டரில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வந்தது. இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்றாவது பாதியிலேயே உயிரை விட்டது. மத்தியானச் சாப்பாடு ஆறிப் போய் மேஜையில் கிடந்தது. இரண்டரை மணிக்கு நாலாவது ஒரு கோப்பைக் கொடுத்தது. திறந்தால் திரை முழுக்க இருட்டு, இந்த முறை படம் போய்விட்டது. ஆனால் ஹெட்போனில் நாற்காலி இழுபட்டது, யாரோ இருமினார்கள், கைதட்டல் கேட்டது. பிறகு காதுக்கு ரொம்பப் பக்கத்தில், “கத்திரி, இங்கேருந்து வச்சிக்கோ.” சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். சாத்திய கதவும் ஜன்னல் வழியே விழுந்த வெயிலும்தான் இருந்தன. உட்கார்ந்தபடியே அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் நீளத்தைக் கவனித்தேன். மூலக் கோப்பு பதினோரு நிமிடம் எட்டு விநாடி. இது பதினான்கு நிமிடம் பத்து விநாடி. கடைக்காரரை மறுபடி கூப்பிட்டேன். “சில நேரம் வேகம் மாறி இழுத்துடும் சார். கடைசியில வெட்டிடுங்க” என்றார். இழுத்திருந்தால் குரல் கொழகொழவென்று இருக்க வேண்டும். அண்ணன் எப்போதும் பேசுகிற வேகத்தில்தான் பேசினான். ஊமையாக ஓடிய பழைய படத்தின் மேல் இந்தச் சத்தத்தை வைத்துப் பார்த்தேன். மேலாளரின் உதடு அசைவு கடைசிவரை அச்சாகப் பொருந்தியது. அப்படியானால் மிச்சமிருந்த மூன்று நிமிடம், கேமராவை அணைத்த பிறகு உள்ளது.

அந்த இடத்துக்குப் போய்க் கேட்டேன். மண்டபத்தின் இரைச்சல் இல்லை. ஏதோ சின்ன அறை. ஒரு மின்விசிறி, சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்றது. என் தலைக்கு மேலே சுற்றுகிற விசிறியும் ஒரு வருடமாக அப்படித்தான் டக்கென்கிறது. பழசான எல்லா விசிறியும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழுந்து போய் என்னுடையதை நிறுத்தினேன். திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினால், அங்கே அது சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே மூச்சு. கனமான கேமராவைத் தோளில் வைத்திருப்பவன் அடக்கி அடக்கி விடுகிற மூச்சு. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த மூன்று நிமிடத்தையும் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த விரல் ஒருநாளும் தயங்கியதில்லை. அழுத்துவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

பாப்பாவை மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். அண்ணி உட்காரவில்லை, சுவரை ஒட்டி நின்றாள். ஸ்பீக்கரைப் போட்டேன். இருண்ட திரையைப் பார்த்துவிட்டுப் பாப்பா, “அப்பா எங்க?” என்றாள்.

“அப்பா கேமராவுக்குப் பின்னாடி இருக்காரு. கேளு.”

கேட்டாள். “கத்திரி, எடுத்துடு” என்று வந்த போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் ரகசியம் சொல்வது போல அண்ணியிடம், “அப்பா சித்தப்பா மாதிரி இல்லம்மா” என்றாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. பதினோராவது நிமிடம் வந்தது. கைதட்டல் ஓய்ந்தது. நிறுத்தக் கையை நீட்டினேன்.

“இருங்க தம்பி, இன்னும் ஓடுதே” என்றாள் அண்ணி.

டக். டக். அந்த மூச்சு அறைக்குள் வந்தது. அண்ணி நிமிர்ந்து மேலே பார்த்தாள். என் விசிறி அசையாமல் நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“ம்... மூணு பேரும் கொஞ்சம் நெருங்கி வாங்க” என்றது அண்ணன் குரல். “சின்னவங்க நடுவுல.”

குடும்பம் குடும்பமாக எத்தனை ஆயிரம் பேரிடம் அவன் இதைச் சொல்லியிருப்பான். எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். ஆனால் பாப்பா நாற்காலியை விட்டு இறங்கி, என் கையையும் அண்ணியின் கையையும் பிடித்து இழுத்துத் தன் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டாள். தலைமுடியைக் காதோரம் ஒதுக்கினாள்.

“ஆ, அங்கதான். கொஞ்ச நேரம் அசையாதீங்க.”

அதற்குப் பிறகு குரல் இல்லை, மூச்சு மட்டும். திரையின் மூலையில் எண்கள் ஓடின. பதினான்கு பத்து வந்தது. அதைத் தாண்டியும் ஓடின. அண்ணியின் தோள் என் தோளில் லேசாக இடித்துக்கொண்டிருந்தது, நடுக்கம் அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. பாப்பா இருட்டுத் திரையைப் பார்த்து முகவாயைத் தூக்கியபடி, உதடு பிரியாமல் கேட்டாள்.

“சித்தப்பா, இப்போ மூச்சு விடலாமா?”