பாட்டை நிறுத்திய சின்தோ

வியட்நாமின் கான்தோ நகரத்தில், வாய்க்காலை ஒட்டிய எங்கள் சந்தில், லுவான் அண்ணன் பழம் அரைக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அவர் மனைவி தோம் அக்காவின் கடவாய்ப்பல். பல்லைப் பிடுங்கிய மருத்துவர், குளிர்ச்சியாக, கூழாக எதையாவது சாப்பிடச் சொல்லி, வாயை அசைக்கவே கூடாது என்று அனுப்பியிருந்தார். தோம் அக்கா வீங்கிய கன்னத்தோடு வந்து படுத்துவிட்டார்.

லுவான் அண்ணன் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். சமையலறையில் அவருக்குத் தெரிந்தது வெந்நீர் போடுவது ஒன்றுதான். ஆனாலும் மனிதர் அசரவில்லை. அலமாரியிலிருந்து மிக்ஸியை இறக்கி, மூடியைத் திறந்து, பிளேடை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுவும் எஞ்சின்தானே" என்றார்.

எங்கள் ஊரில் எந்தப் பழம் கையில் கிடைத்தாலும் பாலோடு சேர்த்து அடித்து சின்தோ ஆக்கிவிடுவோம். அவரும் ஒரு முள்சீத்தாப்பழத்தின் கொட்டைகளை எடுத்து, டின் பாலை ஊற்றி, ஐஸ் கட்டிகளை அள்ளிப் போட்டு அடித்துக் கொடுத்தார். தோம் அக்கா குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வேளையும் குடித்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் எது செஞ்சாலும் அவளுக்குக் கொறதான். சின்தோவப் பத்தி மட்டும் ஒரு வார்த்த பேசலையே!" என்று லுவான் அண்ணன் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனைவியின் வாயில் பஞ்சு இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

வீக்கம் வற்றிப் பஞ்சை எடுத்தபோது தோம் அக்கா பேசிய முதல் வார்த்தை, "தண்ணி."

"தண்ணி வேணுமா? இதோ எடுத்தாறேன்."

"வேணாம் பெரியவரே. இத்தன நாளா நீங்க குடுத்தது தண்ணி. பழம் அந்தப் பக்கமா நடந்து போயிருக்கும்போல. வாசன மட்டும் அடிச்சுது."

லுவான் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு மதியம் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஐஸ் உருகித்தான் வருகிறது. அப்படியானால் ஐஸ் எதற்கு? பழத்தையே ஐஸாக்கிவிட்டால் என்ன?

வெண்ணெய்ப்பழத்தை வழித்து, முள்சீத்தாவைக் கொட்டை நீக்கி, ஃப்ரீசரில் இருந்த மீன்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு உள்ளே வைத்தார். மறுநாள் சாயங்காலம் எடுத்தபோது பழம் கருங்கல்லாக இருந்தது. மிக்ஸியில் போட்டு, டின் பாலும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் மட்டும் விட்டு, விசையைத் திருப்பினார். மிக்ஸி ஓர் உறுமல் உறுமி நின்றது. சாப்பாட்டுக் குச்சியால் பழத்தைக் கிளறிவிட்டு மறுபடி திருப்பினார். வீட்டு விளக்கு மங்கியது. மிக்ஸி முக்கி முனகி, மெல்ல மெல்லச் சுழல ஆரம்பித்து, கடைசியில் உள்ளே இருந்தது வெளிறிய பச்சையில், மடிப்பு மடிப்பாக, கரண்டியை நட்டால் நிற்கிற மாதிரி திரண்டு வந்தது.

தோம் அக்கா ஒரு கரண்டி வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"என்ன, பஞ்ச மறுபடி வச்சுக்கிட்டியா? பேசேன்!"

"சும்மா இருங்க, கரையுது" என்றார் தோம் அக்கா.

இதே நேரத்தில் பக்கத்து வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. லுவான் அண்ணனின் வீடும் பக்கத்து வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. நடுவில் சுவர் வைத்துப் பிரித்தவர்கள் மின்கம்பியைப் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் லாம் அண்ணன், வலை வியாபாரி. தினமும் சாயங்காலம் கரோக்கே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவார். அதுவும் எங்கள் பக்கத்து வோங்கோ பாட்டு, ஒவ்வொரு வரியையும் கயிறு திரிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே போக வேண்டும். லாம் அண்ணனிடம் மூச்சு இருந்தது, உருக்கம் இருந்தது, கண்ணீர்கூட இருந்தது. சுருதி மட்டும் இல்லை.

லுவான் அண்ணனின் மிக்ஸி கல்லுப் பழத்தோடு மல்லுக்கட்டிய நேரத்தில் லாம் அண்ணனின் பெட்டி பொசுக்கென்று அணைந்து, பாட்டு நடுவில் அறுந்தது. திரும்ப உயிர் வந்ததும் பெட்டி முதலிலிருந்து ஆரம்பித்தது. பாடி முடித்தால் மதிப்பெண் போடும் பெட்டி அது. அன்றைக்கு லாம் அண்ணனுக்கு மதிப்பெண் இல்லை.

இதைக் கவனித்தவர் எதிர்வீட்டு யென் அக்கா. பள்ளிக்கூட ஆசிரியை. லாம் அண்ணன் பாடும்போது விடைத்தாள் திருத்தினால் கை தானாகவே எல்லாருக்கும் சுழியம் போடுகிறது என்று புலம்புகிறவர். மறுநாளும் மிக்ஸி உறுமியது, பாட்டு நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. யென் அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைக் காதில் போட்டார், அந்த இரண்டு வீடுகளை மட்டும் விட்டுவிட்டு அப்படியே சந்து முழுக்க ஒரு சுற்று முடித்தார். அடுத்த சாயங்காலம் ஒரு பை நிறைய உறைந்த வெண்ணெய்ப்பழத்தோடு லுவான் அண்ணன் வாசலில் நின்றார்.

"அண்ணே, உங்க சின்தோ மாதிரி இந்த ஊர்லயே இல்லைன்னு பேசிக்கிறாங்க. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

"அதுக்கென்ன தங்கச்சி, உக்காரு. இப்பவே போடறேன்."

"இப்ப வேணாம்ணே. கொஞ்ச நேரம் போகட்டும். லாம் அண்ணன் மைக்கத் தட்டிப் பாப்பாரில்ல, அதுக்கப்புறம் போடுங்க."

லுவான் அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. கலைஞனுக்குப் பாராட்டு வந்தால் நேரம் காலம் பார்ப்பானா?

அப்புறம் சந்தே திரண்டது. ஒருவர் பலாச்சுளை கொண்டுவந்தார், ஒருவர் டிராகன் பழம். நானும் மாம்பழம் கொடுத்தேன். ஒரு புண்ணியவான் கனிந்து குழைந்த வாழைப்பழத்தைக் கொண்டுவந்துவிட்டார். அது நொடியில் அரைந்துபோனது, விளக்குகூட மங்கவில்லை, லாம் அண்ணன் முழுப்பாட்டையும் பாடி முடித்துத் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார். யென் அக்கா அந்த மனிதரை மூலையில் தள்ளி, "கல்லு மாதிரி இருக்கணும்னு சொன்னேனா இல்லையா? ஆணி அடிக்க முடியுதான்னு பாத்துட்டுக் கொண்டாங்க!" என்று பல்லைக் கடித்தார்.

லுவான் அண்ணனின் நடை மாறிவிட்டது. இடுப்பில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டார். "டின் பால முதல்ல விடக்கூடாது. பழம் கொஞ்சம் வேர்க்கணும். வேர்க்காத பழத்துக்கு மனசு இளகாது" என்று பேச ஆரம்பித்தார். தோம் அக்காவுக்கு விஷயம் எப்போதோ புரிந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் பழமும் வருகிறது, காதுக்கு நிம்மதியும் வருகிறது. அவர் எதற்கு வாயைத் திறப்பார்?

பாவம், லாம் அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்கு நடையாய் நடந்தார். கடையில் வைத்தால் பெட்டி சொன்னபடி கேட்டது. வீட்டுக்கு வந்தால் மயங்கி விழுந்தது. "என் குரலக் கேட்டு அதுக்கே துக்கம் தாங்கல" என்று அவர் சொன்னபோது நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாம் அண்ணன் அன்றைக்குச் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார். லுவான் அண்ணனோ பழத்தை வெளியே எடுத்து வைத்து, அது வேர்ப்பதற்காகக் காத்திருந்தார். பாட்டு உச்சத்துக்கு ஏறியது. யென் அக்கா பொறுக்க முடியாமல் லுவான் அண்ணன் வீட்டுக்குள் பாய்ந்தார், பின்னாலேயே நாங்களும்.

"அண்ணே, போடுங்க! சீக்கிரம் போடுங்க!"

"இன்னும் வேர்க்கல தங்கச்சி. இப்ப அரைச்சா மழமழன்னு வராது."

"மழமழன்னு வந்தா என்ன, வராட்டி என்ன! யாரு குடிக்கப் போறா? ஓட்டுங்க, போதும்!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். லுவான் அண்ணன் மெல்லத் திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தார். ஜன்னல் ஓரத்துச் செடித்தொட்டியைப் பார்த்தார். அதில் நாங்கள் கொட்டிய நேற்றைய சின்தோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லாம் அண்ணன் இழுத்துக்கொண்டிருந்த வரியை அப்போதுதான் முதல்முறையாகக் காதில் வாங்கினார். மிக்ஸியின் கம்பியைப் பிடுங்கினார். இடுப்புத் துணியை அவிழ்த்து மடித்து மேஜை மேல் வைத்தார்.

"நான் என்ன, உங்களுக்குப் பாட்ட நிறுத்துற விசையா?" என்றார்.

நாங்கள் ஒவ்வொருவராக நழுவினோம். பக்கத்து வீட்டில் பாட்டு முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தது, அதற்கடுத்ததும் ஆரம்பித்தது. எத்தனை நாள் பட்டினியோ, லாம் அண்ணன் எல்லாவற்றையும் பாடித் தீர்த்தார். பிறகு வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக, ஒரு கிண்ணத்தில் உறைந்த துரியன் சுளைகளோடு லுவான் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தார்.

"தம்பி! பெட்டி சரியாயிடுச்சுடா! சந்து பூரா உன் சின்தோ பத்தியே பேசுது. என்னைய மட்டும் ஒருத்தனும் கூப்பிடல. இன்னிக்கு எனக்கு ஒண்ணு போட்டுக் குடு."

லுவான் அண்ணன் முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். லாம் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு மிக்ஸியை மாட்டினார். துரியன் சுளைகள் வேர்க்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். டின் பால் விட்டு, தேங்காய்ப்பால் விட்டு, குச்சியால் கிளறிக் கிளறி அரைத்தார். குவளையில் வழித்துக் கொடுத்ததை லாம் அண்ணன் ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அடியில் ஒட்டியதை விரலால் வழித்து நக்கினார்.

"யாருடா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா? என் வாழ்க்கைல இப்படி ஒண்ணு நான் சாப்பிட்டதே இல்லடா."

லுவான் அண்ணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அண்ணே, உங்க பெட்டில கோளாறே இல்ல. என் மிக்ஸிதான் அத அணைச்சுது. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

லாம் அண்ணன் காலிக் குவளையை மேஜை மேல் வைத்தார். பிறகு, "அப்ப என் பாட்டு நல்லா இல்லையா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுண்ணே. நீங்க பாடறப்பல்லாம் நான் அரைச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

"எல்லாரும் உன் சின்தோவக் குடிச்சாங்களா?"

"செடிதான் குடிச்சுது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாம் அண்ணனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்பு லுவான் அண்ணனுக்கும். தோம் அக்கா உள்ளேயிருந்து, "ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்தும்வரை சிரித்தார்கள்.

அந்த வாரமே ஆள் வந்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தான். யென் அக்கா கீழே நின்று, "தம்பி, இதெல்லாம் ஆபத்து இல்லையா? பழைய கம்பியே நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அவன் இறங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது சாயங்காலம் ஆனால் கரோக்கே பெட்டியும் மிக்ஸியும் சந்துக்கு நடுவில் ஒரே மேஜையில் இருக்கின்றன. பாட்டு ஒரு பக்கம், அரைப்பு ஒரு பக்கம். சின்தோ இலவசம், ஆனால் ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுக் கைதட்டினால்தான் ஒரு குவளை. அப்படி யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். முதல் நாள் யென் அக்கா வேண்டா வெறுப்பாக வந்து உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கொடுத்த குவளையைச் செடித்தொட்டி இல்லாத காரணத்தால் வாயில் வைத்தார். கரண்டி அப்படியே நின்றது. மறுபடி எடுத்தார். அடி வரை வழித்தார்.

"அண்ணே, இன்னொரு குவள கெடைக்குமா?"

லுவான் அண்ணன் பக்கத்தில் கையைக் காட்டினார். லாம் அண்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உனக்காக, தங்கச்சி, இருக்கறதுலயே நீளமான பாட்டு" என்று தொண்டையைச் செருமினார்.